500 மணி நேரமும் ஒரு கட்டைவிரலும்

போன வாரம் ஹூஸ்டனிலிருந்து ஒரு தோழி கூப்பிட்டாள். பழைய ஆபீஸ் தோழி, கடைசியாக ஆட்குறைப்பு நடந்தபோது அவள் பெயரும் பட்டியலில் இருந்தது. "மசாஜ் தெரபி படிக்கலாம்னு பார்க்கிறேன்டி. எல்லா ஸ்கூல்லயும் 500 மணி நேரம்தானே, அப்போ எங்க ஃபீஸ் கம்மியோ அங்க சேர்ந்துட வேண்டியதுதானே?" என்று கேட்டாள். அவள் சொன்ன அந்த இரண்டு 'தானே'க்களுக்கும் பதில் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அடுப்பில் வைத்த சாம்பார் அடிப்பிடித்தது, இவர் வந்து அணைத்தார். சொன்னதை எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை சாம்பாராவது தப்பிக்கும்.

நான் படித்தது 2022-ல், டாலஸ் பக்கத்தில் ஒரு பள்ளியில். பெயர் வேண்டாம், அங்கே நல்லதும் இருந்தது, எரிச்சலும் இருந்தது, இரண்டையும் எழுதப் போகிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அந்த வருஷப் பொங்கல் பாட்லக்கில் என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களிடம் "மசாஜ் தெரபி படிக்கிறேன்" என்று சொன்னபோது விழுந்த அமைதியை இங்கே எழுத முடியாது. ஒரு மாமா ரொம்ப அக்கறையாகப் பக்கத்தில் வந்து, "ஃபிசியோதெரபின்னு சொல்லும்மா, கௌரவமா இருக்கும்" என்றார். மாமா, அப்படிச் சொன்னால்தான் தப்பு. அது வேறு படிப்பு, வேறு லைசென்ஸ், அந்தப் பட்டத்தை உரிமம் இல்லாமல் போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது.

சரி, 500-க்கு வருவோம். லைசென்ஸ் வாங்க டெக்சாஸ் சட்டம் கேட்கும் அந்த 500 மணி நேரப் படிப்பு எப்படிப் பிரிகிறது என்று எனக்கு இன்னும் மனப்பாடம். மசாஜ் நுட்பமும் அதற்கான பாடமும் 200 மணி நேரம், அதில் குறைந்தது 125 ஸ்வீடிஷ் என்ற அடிப்படை மசாஜ் முறைக்கே போக வேண்டும். அனாட்டமி 50, உடலியங்கியல் 25, தசையும் மூட்டும் எப்படி அசைகின்றன என்று பார்க்கும் கினிசியாலஜி 50, நோயியல் 40, ஹைட்ரோதெரபி 20, சட்டம், தொழில் நடத்துவது, நெறிமுறை எல்லாம் சேர்த்து 45, சுகாதாரம், முதலுதவி, சிபிஆர் 20, கடைசியில் இன்டர்ன்ஷிப் 50. கூட்டினால் சரியாக 500 வரும். டெஸ்டிங் புத்தி, முதல் நாளே கூட்டிப் பார்த்துவிட்டேன்.

காகிதத்தில் இவ்வளவு துல்லியமாக இருப்பது வகுப்பில் எப்படி நடந்தது என்பதற்கு அந்த ஹைட்ரோதெரபி 20 போதும். வெந்நீர், குளிர்நீர், ஆவி, பனிக்கட்டி இவற்றை வைத்து வலியையும் வீக்கத்தையும் கையாளும் பாடம் அது. முதல் நாள் ஸ்லைடு. இரண்டாம் நாள் ஒரு ஸ்லோ குக்கர் வந்தது, எங்கள் வீட்டில் ராஜ்மா வேகும் அதே மாடல், அதற்குள் கறுப்புக் கருங்கற்கள் வெந்நீரில் மிதமாகச் சூடேறிக்கொண்டிருந்தன. ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் முதுகில் உருட்டினோம். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கால் நனைத்தோம். மிச்ச மணி நேரமெல்லாம் 'புத்தகம் படியுங்கள்' என்று போனது. என் டிரான்ஸ்கிரிப்டில் ஹைட்ரோதெரபி 20.0 என்று புள்ளி வைத்து அச்சாகியிருக்கிறது. சட்டத்துக்கு அது போதும்.

ஆனால் அந்த 20-ல் கால் மணி நேரம் குறைந்தால் விடமாட்டார்கள். வாசலில் விரல் வைக்கிற ஒரு மெஷின் இருக்கும். ஏழு நிமிஷம் தாமதமானால் எங்கள் பள்ளிக் கணக்கில் கால் மணி நேரம் போச்சு. கடைசி மாதத்தில் யார் யாருக்கு எந்தப் பாடத்தில் எத்தனை குறைகிறது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள், ரேஷன் கடைப் பலகை மாதிரி. கினிசியாலஜி 1.25 மணி நேரம் குறைந்த ஒரு பையன், எழுபத்தைந்து நிமிஷம் காலி வகுப்பில் எலும்புக்கூடு பொம்மையோடு உட்கார்ந்து கணக்கை நேர் செய்தான்.

இவ்வளவு கறார் ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. பள்ளிக்கு லைசென்ஸ், அங்கே படிக்கிறவருக்கு மாணவர் பெர்மிட், முடித்தவருக்கு விரல்ரேகை, குற்றப்பின்னணி சோதனை. அமெரிக்காவில் இதையெல்லாம் மாநிலம்தான் பார்க்கிறது. டெக்சாஸில் 2017 நவம்பர் வரை சுகாதாரத் துறையிடம் இருந்தது, அப்புறம் டிடிஎல்ஆர் என்ற லைசென்ஸ் துறைக்குப் போனது. எலெக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், முடிதிருத்துபவர், வண்டியை இழுத்துப்போகும் டோ டிரக் ஓட்டுபவர், இவர்களோடு நாங்களும். காரணம் வரவேற்பறைச் சுவரிலேயே இருந்தது, ஆள் கடத்தலுக்கு எதிரான உதவி எண் போட்ட அறிவிப்பு. மசாஜ் என்ற பலகைக்குப் பின்னால் பெண்களை அடைத்துவைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சான்றிதழ். படிக்காமலே 500 மணி நேரம் படித்ததாகக் காகிதம் விற்கிற பள்ளிகள் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் சான்றளிக்கும் அமைப்பு இதற்காகவே எத்தனையோ பள்ளிகளின் டிரான்ஸ்கிரிப்டை ஏற்கமாட்டோம் என்று தள்ளியிருக்கிறது. ஆக அந்த விரல் மெஷின் எனக்காக வைத்ததில்லை, வகுப்புக்கே வராத ஆளுக்காக வைத்தது. புரிந்த பிறகும் எரிச்சல் குறையவில்லை, அது வேறு.

இப்போது மற்ற மாநிலங்கள். இங்கேதான் தோழிக்குத் தலை சுற்றியது. நியூயார்க்கில் 1000 மணி நேரம். அங்கே இந்தத் தொழிலைப் பார்ப்பது மாநிலக் கல்வித் துறை. அரிசோனா 700, மாசசூசெட்ஸ் 650, ஓரிகன் 625, பென்சில்வேனியா 600. ஹவாயில் 570, அதில் 420 மணி நேரம் ஒருவர் மேற்பார்வையில் கையால் செய்து பழகுவது, கிட்டத்தட்ட நம் ஊரில் ஆசாரியிடம் தொழில் பழகுவது மாதிரி. ஓஹையோவில் நூறு வருஷத்துக்கும் மேலாக மருத்துவ வாரியத்தின் கீழ். வயோமிங், கன்சாஸ் போன்ற இடங்களில் மாநில அளவில் லைசென்ஸே கேட்பதில்லை, ஊராட்சி வைத்ததுதான் சட்டம். கலிஃபோர்னியாவில் 500 மணி நேரச் சான்றிதழ் உண்டு, ஆனால் மாநிலம் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை, பல நகரங்கள் ஆக்கியிருக்கின்றன. ஒரே முதுகு, ஒரே இரண்டு கை, மாநில எல்லையைத் தாண்டினால் தேவைப்படும் படிப்பு இரண்டு மடங்கு. எங்கள் பேட்ச்சில் ஒரு பெண் கணவர் வேலைக்காக நியூயார்க் போனாள். இங்கே லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் நன்றாகத் தொழில் செய்தவள், அங்கே போய் மறுபடி பள்ளிக்கூடம். நியூயார்க்கின் 1000-ல் தசைகளைப் பற்றிய மயாலஜியும் கினிசியாலஜியும் மட்டுமே 150. எங்கள் 50-ஐ அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு போனில் அழுதாள்.

பத்து வருஷத்துக்கும் மேலாக இதற்கு ஒரு பொது எண் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தொழில் அமைப்புகள் ஏழு ஒன்றாக உட்கார்ந்து, ஆரம்ப நிலைத் தெரபிஸ்ட் ஒருவர் பாதுகாப்பாக வேலை செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாடம் பாடமாகப் பிரித்து எழுதிப் பார்த்து, 625 என்று சொன்னார்கள். மாநிலங்களுக்கு இடையே ஒரே லைசென்ஸ் செல்லும்படி ஓர் ஒப்பந்தம் வந்திருக்கிறது, 2023-ல் நெவாடா முதலில் சேர்ந்தது, ஏழு மாநிலம் சேர்ந்தால்தான் உயிர் வரும். அதிலும் 625-தான் எல்லை. 500-ஓடு நிற்கும் எங்களுக்கு அந்தக் கதவு இன்னும் 125 மணி நேரம் தள்ளி இருக்கிறது.

மணிக்கணக்கில் பணம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தபோதுதான் நான் உண்மையாகவே வியந்தேன். பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை, திருப்பிக் கட்டத் தேவையில்லாதது. பல வருஷமாக அதன் விதி என்னவென்றால், இப்படி மணிக்கணக்கில் நடக்கும் படிப்பு குறைந்தது 600 மணி நேரம், 15 வாரம் இருக்க வேண்டும். டெக்சாஸ் கேட்பது 500. அதனால் பள்ளிகள் என்ன செய்தன, மாநிலம் கேட்பதில் ஒன்றரை மடங்கு வரை நீட்டலாம் என்று மத்திய விதி அனுமதித்ததால், 600, 700, 750 என்று படிப்பை நீட்டின. நீட்டியதில் சில பள்ளிகள் நிஜமாகவே நல்ல பாடம் வைத்தன. சில பள்ளிகள் ஸ்லோ குக்கர் வைத்தன. அப்புறம் மத்தியக் கல்வித் துறைக்குச் சந்தேகம் வந்தது, மாணவர் தலையில் கடனை ஏற்றத்தானே இழுக்கிறார்கள் என்று. 2024 ஜூலை முதல் மாநிலம் கேட்கும் அளவுக்கு மேல் ஒரு மணி நேரம்கூட நீட்டக் கூடாது என்று விதி போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டெக்சாஸில் அதன் பொருள்: 500-க்கு மேல் நீட்டக் கூடாது, 600-க்குக் கீழே பெல் கிராண்ட் கிடையாது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்தியிருக்கும். மசாஜ் பள்ளிக்காரர்களே நீதிமன்றத்துக்குப் போனார்கள், விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னால், ஜூன் மாதம், டெக்சாஸ் நீதிபதி ஒருவர் அதை நிறுத்திவைத்தார். குறுகிய படிப்புகளுக்கும் பெல் கிராண்ட் கொடுக்கும் சட்டம் 2025-ல் வந்தது, 2026 ஜூலையிலிருந்து என்று அதில் இருக்கிறது. தோழியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன், ஃபீஸ் குறைவு என்று பார்க்காதே, எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, இல்லை எல்லாமே கடனா என்று பார்.

பள்ளி முடிந்தால் எம்பிளெக்ஸ் தேர்வு. மாநில வாரியங்கள் கூடி நடத்தும் கூட்டமைப்பு வைப்பது, 2007-லிருந்து நடக்கிறது. 265 டாலர், 100 கேள்வி, 110 நிமிஷம், கம்ப்யூட்டர் முன்னால். நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகிக்கொண்டே போகும், அதனால் நன்றாக எழுதுகிறவருக்கும் தோற்றுக்கொண்டிருப்பது போலவே இருக்கும். நூற்றுக்கு 16 பங்கு சட்டமும் நெறிமுறையும் எல்லையும். டெக்சாஸுக்கு இதோடு மாநிலச் சட்டம் பற்றிய ஒரு சின்னத் தேர்வும் உண்டு. இரண்டும் பாஸ் பண்ணிவிட்டு வெளியே கார் நிறுத்தத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

யாருமே என் கையைப் பார்க்கவில்லை.

கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார்க்கிறார். ஆடையைக் களைந்துவிட்டுப் போர்வைக்குள் படுத்திருக்கும் ஒரு மனிதரைத் தொட லைசென்ஸ் வாங்கிய எனக்கு, தொட்டுக் காட்டு என்று எந்தத் தேர்வாளரும் சொல்லவில்லை. விரல்ரேகை எடுத்தார்கள், விரல் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. அதைப் பார்க்க முடிந்தவர்கள் என் ஆசிரியர்கள் மட்டும்தான். மாநிலத்தின் 500-க்கும் எம்பிளெக்ஸின் 100 கேள்விக்கும் நடுவில் இருக்கும் பெரிய பள்ளத்தின் மேல் அவர்கள்தான் பாலம், அந்தப் பாலம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் விதிகள் ரொம்பத் தளர்வு.

அவர்களில் ஒருவர் அனாட்டமி எடுத்தவர். நல்ல மனிதர், படித்தவர், டிகிரி இருந்தது. எலும்பின் மேடு பள்ளம் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார். ஸ்லைடைப் பார்த்துச் சொல்வார், ஸ்லைடு மாறினால் அவரும் மாறுவார். தோள்பட்டை எலும்பில் எங்கே எந்தத் தசை ஒட்டியிருக்கிறது என்று அவரிடம் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். அதை ஒரு உடம்பில் கண்டுபிடி என்றால் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

இன்னொருவர் ஸ்வீடிஷ் எடுத்த அம்மா. அறுபது வயதிருக்கும், கிழக்கு டெக்சாஸ்காரர், எல்லோரையும் 'ஹனி' என்பார், யாரையும் விடமாட்டார். இரண்டாவது வாரம் நான் ஒரு பையனின் முதுகில் ஆர்வமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து வந்து என் வலது கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினார். வில் மாதிரி பின்னால் வளைந்திருந்தது. "இதோடு எத்தனை வருஷம் வேலை செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்றார். தெரியாது என்றேன். "மூன்று" என்றார். அப்புறம் தன் கட்டைவிரலைக் காட்டினார், மணிக்கட்டுக்கு மேலே அடிமூட்டில் ஒரு அறுவைத் தழும்பு. அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்குக் கட்டைவிரலுக்குத் தடை. முழங்கை, முன்கை, விரல் கணு, உள்ளங்கையின் அடிப்பகுதி, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள், கட்டைவிரலைப் பார்த்தால் டேபிளை விட்டு இறக்கிவிடுவேன் என்றார். சொன்னபடியே இரண்டு முறை இறக்கினார்.

டேபிள் உயரம் அவருக்கு ஒரு மதம். பக்கத்தில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரலை மூடினால் கணு மேல்பலகையைத் தொட வேண்டும், அதைவிட உயரமானால் தோள் தூக்கும், தோள் தூக்கினால் அழுத்தம் கையிலிருந்து வரும், கையிலிருந்து வந்தால் நீ காலி. எடை காலிலிருந்து வரணும், தள்ளாதே, சாய்ந்துகொள் என்பார். இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது, ஒரு நாள் மத்தியானம் சட்டென்று புரிந்தது. தோசைக்கல்லில் மாவை இழுக்கிற மாதிரி இல்லை, அம்மி அரைக்கிற மாதிரி. அம்மியில் யாரும் கையால் அரைப்பதில்லை, இடுப்பால் அரைப்பார்கள். அதை அவரிடம் சொன்னேன், அம்மி என்றால் என்ன என்று போனில் வீடியோ காட்டினேன், அடுத்த வாரம் வகுப்புக்கே அந்த வீடியோவைப் போட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் இன்னொன்று, எப்போது தொடக் கூடாது என்பது. நோயியல் 40 மணி நேரத்தில் அது வேறு ஒருவரின் பாடம், ஆனால் இந்த அம்மா ஒவ்வொரு நாளும் தொடுவதற்கு முன் பார், பார்ப்பதற்கு முன் கேள் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாக, சிவப்பாக, தொட்டால் வலித்தால் அதில் கை வைக்காதே. உள்ளே நாளத்தில் ரத்தம் கட்டியிருக்கலாம், நீ நீவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ரெண்டு கால் வீங்கினால் யோசி, ஒரு கால் வீங்கினால் நிறுத்து. எங்களுக்கு இது பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

படிப்பு முடிந்து நாலு மாதத்தில் என் அம்மா திண்டுக்கல்லிலிருந்து வந்தாள். சென்னையிலிருந்து இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம். வந்த மறுநாள் சோபாவில் காலை நீட்டி, "அதான் படிச்சிட்டியே, இந்தக் காலைக் கொஞ்சம் எண்ணெய் போட்டு நீவி விடுடி" என்றாள். சேலையைத் தூக்கிக் காட்டினாள். இடது கால் மட்டும். கெண்டைச்சதை மற்றதைவிட நன்றாகவே தடித்து, கொஞ்சம் சூடாக.

எண்ணெய்க் கிண்ணம் கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டு காரை எடுத்தேன். அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள், சுளுக்குக்கு எங்க தாத்தா ஒரு நிமிஷத்துல எடுத்துவிடுவார், நீ இத்தனை மணி நேரம் படிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறே என்று. ஸ்கேன் பண்ணினார்கள். ரத்தக்கட்டு இல்லை. முழங்காலுக்குப் பின்னால் ஒரு நீர்க்கட்டி, பேக்கர் சிஸ்ட் என்பார்கள், வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்மானத்தோடு வருவது, பார்ப்பதற்கு ரத்தக்கட்டு மாதிரியே ஏமாற்றும். ஒன்றும் இல்லை, போகலாம் என்றார்கள். மூன்று வாரம் கழித்து பில் வந்தது. அதை அம்மாவுக்குக் காட்டவில்லை, காட்டியிருந்தால் நிஜமாகவே ரத்தம் கட்டியிருக்கும். அந்த ஆசிரியைக்கு மெசேஜ் போட்டேன், ஒன்றுமே இல்லையாம், வீணாக அலைந்தேன் என்று. "ஹனி, நீ டாக்டர் இல்லை. நிறுத்தினாய் இல்லையா, அதுதான் உன் வேலை" என்று பதில் வந்தது.

சரி, இப்படிப்பட்டவர் ஒரு பள்ளியில் இருப்பதை மாநிலம் எப்படி உறுதி செய்கிறது? பெரும்பாலும் செய்வதில்லை. மணிக்கணக்கு மாதிரியே இதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் ஆசிரியருக்கு மாநிலமே தனியாக ஒப்புதல் தரும். சில இடங்களில் தெரபிஸ்ட் லைசென்ஸும் சில வருஷத் தொழில் அனுபவமும் இருந்தால் போதும். சில இடங்களில் பள்ளியின் பொறுப்பு, அவர்கள் யாரை வைத்தாலும் சரி. அனாட்டமி போன்ற பாடத்துக்கு மருத்துவம் சார்ந்த ஒரு பட்டம் இருந்தால் மசாஜே தெரியாதவரும் எடுக்கலாம் என்பது பல இடங்களில் வழக்கம். கோம்டா என்று மசாஜ் பள்ளிகளுக்கென்றே ஒரு தர அங்கீகார அமைப்பு இருக்கிறது, அவர்கள் ஆசிரியர் தகுதியையும் பார்க்கிறார்கள், ஆனால் அந்த அங்கீகாரம் வாங்குவது பள்ளியின் விருப்பம். மசாஜ் ஆசிரியர்களுக்கான அமைப்பு ஒன்று, நல்ல ஆசிரியருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. எழுதி வைத்ததைச் சட்டமாக்குவது வேறு கதை.

இந்த விதிகளிலெல்லாம் எனக்கு ஒரு குறை. எத்தனை வருஷம் தொழில் செய்தவர் என்று கேட்கிறார்கள், அத்தனை வருஷம் செய்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கை பேசும், வாய் பேசாது, அப்படிப்பட்ட தெரபிஸ்ட்களை எனக்கு நிறையத் தெரியும். "இப்படி, பார், இப்படி" என்று செய்து காட்டுவார்கள். நமக்கு அவர் கை தெரியும், அதற்குள் எடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஒரு வகுப்பில் எத்தனை பேருக்கு எத்தனை ஆசிரியர் என்பது அடுத்த சிக்கல். எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேர், ஒன்பது டேபிள், ஒரே ஆசிரியை. ஒரு மணி நேரப் பயிற்சியில் என் டேபிளுக்கு அவர் வந்தது ஆறு நிமிஷம் என்று ஒரு நாள் கடிகாரம் பார்த்தேன். அந்தக் கணக்கில் 125 மணி நேர ஸ்வீடிஷில் என் கையை ஒருவர் பார்த்தது பன்னிரண்டரை மணி நேரம். அதைப் பகிர்ந்துகொண்ட ஜோடி வேறு இருக்கிறான்.

நல்ல தெரபிஸ்ட் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்பதற்குப் பெரிய ரகசியம் இல்லை. டேபிளில் நின்றால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது, வகுப்பில் நின்றால் அதே மணிக்குக் கிடைப்பதைவிட அதிகம், டிப்ஸ் தனி. எங்கள் ஸ்வீடிஷ் ஆசிரியை பள்ளிக்கு வந்ததே கட்டைவிரல் போனதால்தான். கை நன்றாக இருந்திருந்தால் அவர் எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார், அதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கும்.

கடைசி 50 மணி நேர இன்டர்ன்ஷிப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தோழி கோபிப்பாள், அவளுக்கு அதுதான் பயம். பொதுமக்கள் குறைந்த கட்டணத்தில் வருவார்கள், பணம் பள்ளிக்கு, மணிக்கணக்கு நமக்கு. என் முதல் ஆள் ஒரு லாரி டிரைவர், ஆறடிக்கு மேல், டேபிளுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது. படிவத்தில் எங்கே வலி என்ற கேள்விக்கு 'எல்லா இடமும்' என்று எழுதியிருந்தார். போர்வையை எப்படி மடிப்பது, எந்தப் பகுதி வேலை நடக்கிறதோ அதை மட்டும் எப்படித் திறந்து, மிச்சத்தை இறுக்கமாகச் செருகுவது என்று நூறு முறை பழகியது, அன்றைக்கு மொத்தமாக மறந்துபோனது. போர்வையின் ஒரு முனை எங்கோ மாட்டிக்கொண்டு நான் இழுக்க, அவர் குப்புறப் படுத்தபடியே, "அம்மா, பதறாதே, எனக்கு அவசரம் இல்லை" என்றார். பத்து நிமிஷத்தில் குறட்டை. எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அந்தக் குறட்டைதான்.

இப்போது தோழி என்ன செய்ய வேண்டும். பள்ளிக்குச் சுற்றிப் பார்க்கப் போனால் காபி கொடுப்பார்கள், புது டேபிளைக் காட்டுவார்கள், ஃபீஸ் தவணை அட்டவணை கொடுப்பார்கள். அதையெல்லாம் வாங்கிக்கொள். அப்புறம் ஸ்வீடிஷ் யார் எடுக்கிறார், இப்போதும் கிளையண்ட் பார்க்கிறாரா, எத்தனை பேருக்கு ஒருவர், பயிற்சி வகுப்பு ஒன்றில் சும்மா மூலையில் உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா என்று கேள். லைசென்ஸ் எண்ணை வாங்கி டிடிஎல்ஆர் தளத்தில் பள்ளியையும் தேடு, ஏதாவது நடவடிக்கை எடுத்திருந்தால் அங்கே இருக்கும். இரண்டு வருஷத்தில் வேறு மாநிலம் போக வாய்ப்பிருந்தால் 500-ல் நிற்காதே, குறைந்தது 625 பார்.

சொன்னபடியே முந்தாநாள் இரண்டு பள்ளிக்குப் போயிருக்கிறாள். ஒன்றில் வகுப்பில் உட்கார விடமாட்டோம், மற்ற மாணவர்களின் அந்தரங்கம் என்றார்கள். நியாயம்தான். இன்னொன்றில் ஆசிரியை இவளையே டேபிளில் படுக்கச் சொல்லிவிட்டாராம், மாணவர்கள் பழக ஒரு முதுகு குறைகிறது என்று. ஒரு பையன் இவள் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்த ஆரம்பித்திருக்கிறான்.

"அந்தம்மா ஓடி வந்து அவன் விரலைப் பிடிச்சுத் தூக்கினாங்கடி" என்றாள் தோழி. "நான் அங்கேயே ஃபார்ம் வாங்கிட்டேன்."